சரணாகதி பண்ணியும் கவலை போகவில்லையென்றால் பிசகு எங்கே?

நெய்விளக்கு · காலை 5.52

"எல்லாம் பெருமாள் பார்த்துப்பார்" என்று வாய் சொல்கிறது. ராத்திரி 2 மணிக்கு மனசு எழுந்து உட்கார்ந்து பழையபடி கூட்டல் கழித்தல் போடுகிறது. பல வீடுகளில் இதுதான் நிலவரம் என்பதால் பொதுவாகவே கேட்கிறேன். ஆறுதல் வார்த்தை வேண்டாம்.

ஸ்ரீவைஷ்ணவத்தில் சரணாகதியை அங்கம் (துணை உறுப்பு), அங்கி (முக்கியச் செயல்) என்று பாகம் பாகமாகக் கழற்றி வைத்து விளக்கியிருக்கிறார்கள். அப்படியானால் நிம்மதி வராதபோது எந்தப் பாகம் சரியில்லை என்று பார்க்க முடிய வேண்டுமே? விசுவாசத்தை முயன்று வரவழைக்க முடியுமா? நம்பிவிட்டபின் டாக்டர், வக்கீல், இன்சூரன்ஸ் என்று அலைவது நம்பிக்கைக் குறைவா? தினசரி என்னதான் செய்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தூப்புல்தெரு · காலை 6.30

நல்ல கேள்வி. முதலில் பாகங்கள்.

ஆனுகூல்ய சங்கல்பம்: அவனுக்கு உகந்ததையே செய்வேன் என்ற தீர்மானம். பிராதிகூல்ய வர்ஜனம்: உகக்காததை விடுவது. கார்ப்பண்யம்: என் கையில் வேறு சரக்கு இல்லை என்று உணர்வது. மகாவிசுவாசம்: காப்பான் என்பதில் ஐயம் இல்லாமை. கோப்த்ருத்வ வரணம்: "நீ காக்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்பது. இந்த ஐந்தும் அங்கங்கள். ஆறாவதான ஆத்ம நிக்ஷேபம், அதாவது காக்கும் பொறுப்பை அவனிடம் வைத்துவிடுவது, அங்கி. ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் (1268–1369) காட்டும் கணக்கு இது.

விபீஷணனை வைத்துப் பார்த்தால் ஆறும் ஒரே காட்சியில் தெரியும். சீதையைத் திருப்பிக் கொடு என்று அண்ணனிடம் சொன்னது முதலாவது. கேட்கவில்லை என்றதும் லங்கையை விட்டுக் கிளம்பியது இரண்டாவது. கடலைத் தாண்டி, தரையில் கால் வைக்காமல் ஆகாயத்தில் நின்றபடியே "நான் ராவணனின் தம்பி, அவமானப்பட்டு வந்தவன்" என்று சொல்லிக்கொள்கிறானே, அது கார்ப்பண்யம். எதிரி வீட்டுப் பிள்ளையை வெட்டிப் போட்டுவிடுவார்களோ என்ற எண்ணம் இல்லாமல் நான்கே பேருடன் வானரச் சேனை நடுவே வந்து நிற்பது விசுவாசம். ராகவனையே சரணமாக அடைந்தேன் என்பது வரணம். "நான் வந்திருப்பதைச் சீக்கிரம் தெரிவியுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறான் பாருங்கள், அதுதான் நிக்ஷேபம். அதற்குப் பிறகு சுக்ரீவன் வேண்டாம் என்கிறான், ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்கிறார்கள், விவாதம் நடக்கிறது. விபீஷணன் அதில் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வழக்கைத் தானே வாதாடவில்லை.

ராத்திரி 2 மணிக் கூட்டல் கழித்தல் என்பது அந்த விவாதத்தில் நாமும் போய் உட்கார்ந்துகொள்வதுதான்.

கணக்கர் · காலை 7.05

ஸ்வாமி, ஆறில் ஐந்து புரிகிறது. விசுவாசம்தான் இடிக்கிறது. மற்றவை செயல், செய்துவிடலாம். விசுவாசம் மனசு சம்பந்தப்பட்டதாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு "நம்புகிறேன், நம்புகிறேன்" என்றால் வருமா?

தூப்புல்தெரு · காலை 8.20

வராது. பல்லைக் கடிப்பதால் பல்தான் வலிக்கும். விசுவாச மாந்த்யம் என்று இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். வைத்தியர் ஜுரத்துக்குக் காரணம் தேடுகிற மாதிரி, எந்தச் சந்தேகத்தால் விசுவாசம் மந்தமாகிறது என்று பார்க்கச் சொல்கிறார் தேசிகர். ஐந்து சந்தேகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து. சுருக்கமாகச் சொல்கிறேன்.

"இத்தனை தப்பு பண்ணியிருக்கிறேன். எல்லாம் தெரிந்தவன் என்னைக் கிட்டே சேர்ப்பானா?" இதற்கு மருந்து புருஷகாரம்: பிராட்டி, அதாவது தாயார், நடுவில் இருந்து பரிந்து பேசுகிறாள். சீதையைக் கொத்தியதால் பிரம்மாஸ்திரம் துரத்திய காகாசுரனைக்கூட உயிரோடு விட்ட கதை ஞாபகம் இருக்கட்டும்.

"சேர்த்தாலும் அவ்வளவு பெரிய பலனை எனக்கு ஏன் தர வேண்டும்?" மருந்து சம்பந்தம்: அவன் உடையவன், நாம் உடைமை. பிள்ளைக்கு அப்பன் சொத்து சேர்வதற்குப் பிள்ளை என்ன சாதித்தான் என்று யாரும் கேட்பதில்லை.

"நான் செய்வது இத்துனூண்டு ஒரு வார்த்தை. அதற்கா இவ்வளவு?" மருந்து குணம். கொடுப்பவன் வாங்கியதை எடை போடுகிறவன் இல்லை.

"தருவான், ஆனால் எப்போதோ?" மருந்து வியாபாரம், அதாவது அவன் செயல்படும் விதம். நினைத்தாலே முடிந்தது, இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்பவன் அல்லன்.

"தரம் பார்க்காமல் எல்லாருக்குமா?" மருந்து பிரயோஜனம்: நம்மைக் காப்பது அவனுக்கே லாபம். தொலைத்த நகை கிடைத்தால் சந்தோஷம் நகைக்கா, நகைக்காரிக்கா?

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கவலை வரும்போது "நம்பு, நம்பு" என்று அதட்டாமல், இது ஐந்தில் எந்தச் சந்தேகம் என்று பிடியுங்கள். பெரும்பாலோருக்கு முதலாவதும் நான்காவதும்தான்: ஒன்று குற்ற உணர்ச்சி, இல்லையென்றால் அவசரம். குற்ற உணர்ச்சிக்காரரிடம் பகவானின் சக்தியைப் பற்றி மணிக்கணக்கில் பேசினாலும் ஏறாது. அவருக்குப் பிராட்டியைச் சொல்ல வேண்டும்.

பல்லாண்டு73 · காலை 9.11

ஸ்ரீவைஷ்ணவத்தின் இரண்டு பிரிவில் தூப்புல் ஸ்வாமி வடகலை, அடியேன் தென்கலைப் பக்கம், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். தூப்புல் ஸ்வாமி சொன்ன பாகங்களில் எங்களுக்குச் சண்டை இல்லை. அவற்றை "இதையெல்லாம் சேகரித்தால்தான் வேலை நடக்கும்" என்று வைப்பதில்தான் தகராறு. நெல் குத்தினால் வியர்வை வருகிறது. வியர்வை நெல்லை அரிசியாக்குவதில்லை, அது தானாக வருவது. இந்த ஐந்தும் அந்த வியர்வை மாதிரி. உபாயம் (வழி) அவன் ஒருவனே, நம் விசுவாசம்கூட உபாயம் இல்லை.

நிம்மதிக் கேள்விக்கு இது ரொம்ப முக்கியம். "என் விசுவாசம் போதுமா, 100க்கு எத்தனை மார்க்" என்று அளக்க ஆரம்பித்தால் பழைய கவலை போய்ப் புதுக் கவலை வந்து உட்காரும். வடகலை உவமையில் குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் உவமையில் பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. பூனைக்குட்டிக்கு "பிடி தளர்ந்துவிட்டதோ" என்று பயப்பட வழியே கிடையாது.

ஒத்தையடிப்பாதை · காலை 9.30

ஆரம்பிச்சாச்சா! கோயில் யானைக்கு எந்த நாமம்னு கேட்கிற கட்டத்துக்கு எப்ப வரப்போறீங்க?

மட்டுறுத்துநர் · காலை 9.34

வந்தால் இழையைப் பூட்டிவிடுவேன். விஷயத்துக்கு வாருங்கள்.

தூப்புல்தெரு · காலை 10.02

வரவில்லை ஐயா. பல்லாண்டு ஸ்வாமி சொன்ன ஆபத்து நிஜம், ஒப்புக்கொள்கிறேன். குரங்குக்குட்டி தரப்பிலும் ஒன்று கவனியுங்கள்: குட்டி பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான், கிளைக்குக் கிளை தாவுவது தாய். பிடித்திருக்கும் குட்டி அடுத்த கிளை எவ்வளவு தூரம் என்று அளப்பதில்லை.

ஆளைப் பார்த்து மருந்து என்று வைத்துக்கொள்ளலாம். எதையும் செய்யாமல் "அவன் பார்ப்பான்" என்று சோம்பிக் கிடப்பவருக்குக் குரங்கு. எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு தன் பக்தியையே பரிசோதித்துக்கொண்டிருப்பவருக்குப் பூனை. இது சித்தாந்தத் தீர்ப்பு இல்லை; இந்த இழைக்கு மட்டும்.

சணல்கயிறு · காலை 11.15

பேருக்கு ஏற்ற மாதிரி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பிசகு எங்கே என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு இங்கேதான்.

இந்திரஜித் அனுமனைப் பிரம்மாஸ்திரத்தால் கட்டினான். அனுமன் விழுந்தார். கூட இருந்த ராக்ஷசர்களுக்கு அஸ்திரக்கட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடிவந்து சணலாலும் மரப்பட்டையாலும் கயிறு திரித்து மேலே இன்னொரு கட்டுப் போட்டார்கள். பிரம்மாஸ்திரம் இன்னொரு கட்டைச் சகிக்காது. அந்தக் கணமே விலகிவிட்டது. இந்திரஜித்துக்குப் புரிந்தது, தலையில் அடித்துக்கொண்டான். ராக்ஷசர்களுக்குக் கடைசிவரை தெரியாது. தங்கள் சணல்தான் கட்டி வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இழுத்துப் போனார்கள்.

சரணாகதியும் அப்படித்தான் என்று பூர்வர்கள் சொல்வார்கள். வேறு உபாயத்தைப் பக்கத்தில் வைத்தால் அது நழுவும். இன்றைக்கு அந்தச் சணல் எப்படி இருக்கிறது? திங்கள் ஒரு ஜோசியர், அவர் சொன்ன பரிகாரம் சரியாக வராது என்று புதன்கிழமை இன்னொருவர், கையில் ஒரு கயிறு, வாசலில் ஒரு எந்திரத் தகடு, வாட்ஸாப்பில் "11 பேருக்கு அனுப்பு" செய்தி. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கெடுதல் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முடிச்சும் மனசிடம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்: "முதலில் கட்டினது பத்தாது."

இன்னொரு சணல் இருக்கிறது, அதைப் பலர் பக்தி என்றே நினைக்கிறார்கள். தினமும் புதிதாகச் சரணாகதி பண்ணுவது. மோக்ஷத்துக்காகச் செய்யும் பிரபத்தி, அதாவது சரணாகதி, ஒரே தடவைதான். த்வயம் என்ற சரணாகதி மந்திரத்தைப் பிறகு ஆயுசு முழுக்கச் சொல்வது அனுபவத்துக்காக, இனிக்கிறது என்பதற்காக. "நேற்றுப் பண்ணினது சேர்ந்திருக்குமோ இல்லையோ" என்று இன்று மறுபடி பண்ணினால் அது சணல்.

கணக்கர் · நண்பகல் 12.10

அப்போ மருந்தும் இன்சூரன்ஸும் சணலா? நெய்விளக்கு அக்காவின் கேள்வி அதுதானே?

சணல்கயிறு · நண்பகல் 12.48

இல்லை சார். சரம சுலோகம் (கீதை 18.66: "எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னையே சரணடை, கவலைப்படாதே") விடச் சொல்வது தர்மங்களை உபாயமாகப் பிடிப்பதை, கர்ம, ஞான, பக்தி யோகங்களை மோக்ஷத்துக்கு வழி என்று பற்றுவதை. சர்க்கரை மாத்திரை அந்த வரிசையில் வரவே வராது. உடம்பு அவன் உடைமை, அதைப் பராமரிப்பது கைங்கரியம். மாத்திரையை நிறுத்திவிட்டு "நம்பிக்கை" என்பவர் அவன் உடைமையைக் கெடுக்கிறார். பிராதிகூல்ய வர்ஜனம் போச்சு.

மனசு விஷயத்திலும் இதே சட்டம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பே இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அதை விசுவாசக் குறைவு என்று சொல்லி வீட்டுக்குள் அடைத்து வைப்பது பெரிய அநியாயம்.

மரக்காணம்சாலை · மதியம் 1.20

எங்கள் பக்கத்தில் இதை இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்விடம் தவக்குல் (பொறுப்பை ஒப்படைக்கும் நம்பிக்கை) வைக்கட்டுமா, கட்டிவிட்டு வைக்கட்டுமா என்று ஒருவர் நபிகளிடம் (ஸல்) கேட்டார். "கட்டு, பிறகு தவக்குல் வை" என்று பதில். திர்மிதியில் வரும் ஹதீஸ். கட்டுவது நம் வேலை. கட்டியபின் ராத்திரி நாலு தடவை எழுந்து முடிச்சைத் தடவிப் பார்ப்பது தவக்குல் இல்லாத வேலை.

சணல்கயிறு · மதியம் 1.31

பாய், அந்த "தடவிப் பார்ப்பது" அருமை. எடுத்துக்கொண்டேன்.

வெண்ணீறு · மதியம் 2.40

சைவத் தரப்பில் ஒரு குறிப்பு மட்டும். அப்பரை நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) ஏழு நாள் அடைத்தார்கள். சூடு தணிய வேண்டும் என்று அவர் பாடவில்லை. வீணை, மாலை நிலவு, வீசு தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று ஈசன் தாள் நிழல் எப்படி இருக்கும் என்பதைத்தான் பாடினார். கவலையோடு மல்லுக்கு நிற்காமல் கவனத்தை முழுசாகத் திருவடிப் பக்கம் நகர்த்துகிற உத்தி இது. உருப்படியாக உதவும். அந்தப் பதிகத்தை ஓதும்போது பொருளை ஓட்டாமல், ஒவ்வொன்றையும் ஒரு மூச்சு நேரம் மனசில் நிறுத்தி ஓதிப் பாருங்கள்.

நெய்விளக்கு · மாலை 4.05

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு இடத்தில்தான் நிறையப் பேர் உடைகிறார்கள். நம்பினார்கள், பிறகும் நஷ்டம் வந்தது, பிறகும் சாவு வந்தது. "நம்பி என்ன பிரயோஜனம்" என்று விட்டுவிடுகிறார்கள். இதற்குச் சம்பிரதாயத்தின் பதில் என்ன?

தூப்புல்தெரு · மாலை 5.18

சரணாகதி எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதால் வரும் உடைசல் இது.

முன்வினைச் சேர்மானம், அதாவது சஞ்சிதம், அழியும். இனித் தெரியாமல் செய்வது ஒட்டாது. தெரிந்தே செய்தால் பிராயச்சித்தம் உண்டு. ஆனால் இந்த உடம்போடு பலன் கொடுக்க ஆரம்பித்துவிட்ட பிராரப்தத்தை அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும். "இந்த உடம்பு முடியும்போது வரட்டும்" என்று காத்திருக்கும் த்ருப்த பிரபன்னனுக்கு இது பொருந்தும். ஒரு கணம்கூடப் பொறுக்க மாட்டேன் என்று துடிக்கும் ஆர்த்தனுக்கு மட்டும் வேறு கணக்கு. நம்மில் முக்கால்வாசி த்ருப்தர்கள்தான், மறைக்க வேண்டாம்.

ஆகவே நஷ்டம் வராது என்ற உத்தரவாதம் இந்தப் பத்திரத்தில் எந்த ஷரத்திலும் இல்லை. "மா சுச:", கவலைப்படாதே, என்பது இருக்கிறது. கஷ்டம் வராது என்பதும் கவலைப்படாதே என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். இரண்டாவதைக் கேட்டு முதலாவது என்று எடுத்துக்கொண்டவர்தான் ஏமாந்ததாக நினைக்கிறார்.

பல்லாண்டு73 · மாலை 5.40

இதற்குக் குலசேகராழ்வாரை விட்டால் வேறு ஆள் இல்லை. வித்துவக்கோட்டுப் பதிகம், பெருமாள் திருமொழியில் ஐந்தாவது. தலம் கேரளத்தில் பட்டாம்பிக்குப் பக்கம், பாரதப்புழைக் கரையில் திருமிற்றக்கோடு.

ஒரு பாட்டில் மருத்துவர் வருகிறார். கத்தியால் அறுத்துச் சூடும் போடுகிறார், அப்படியும் அவர்மேல் "மாளாத காதல்" வைத்திருக்கும் நோயாளியைப் போல நான் என்கிறார் ஆழ்வார். வலிக்கவில்லை என்று சொல்லவில்லை பாருங்கள். அறுப்பதும் சுடுவதும் நடக்கிறது.

அடுத்த பாட்டில் நடுக்கடலில் கப்பல். பாய்மரத்தின் உச்சியில் ஒரு பறவை. பறந்து போகிறது, எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை, திரும்பி வந்து அதே கூம்பில் உட்காருகிறது. உபந்நியாசத்தில் "வேறு புகல் இல்லை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அடியேனுக்கு அந்தப் பறவை பறந்தது என்பதும் முக்கியமாகப் படுகிறது. ஆழ்வார் அதை மறைக்கவில்லை. மனசு கிளம்பிப் போகும். அது பறவையின் சுபாவம். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினால் "ஐயோ, என் நம்பிக்கை போயிற்றே" என்று அதற்கு மேல் ஒரு கவலையை அடுக்க வேண்டாம். ஒரு சுற்று, கரை இல்லை, திரும்பு. சுற்றின் நீளம் நாளாவட்டத்தில் குறையும்.

கணக்கர் · மாலை 6.15

சரி, தினசரி நடைமுறைக்கு வருவோம். தொழில் கணக்கு எழுதுவது என்பதால் எனக்கு ஒட்டியது ஸாத்விக த்யாகம். தெரிந்தவரை எழுதுகிறேன், பிசகு இருந்தால் தூப்புல் ஸ்வாமி திருத்தட்டும்.

ஒரு காரியம் ஆரம்பிக்கும் முன் மூன்றை விடுவது. கர்த்ருத்வ த்யாகம்: செய்கிறவன் நான் இல்லை, அவன் என்னைக் கொண்டு செய்விக்கிறான். மமதா த்யாகம்: இந்தக் காரியம் என்னுடையது இல்லை. பல த்யாகம்: இதன் பலனும் எனக்கு இல்லை. வடகலை வழக்கில் சொல்லும் சங்கல்ப வாக்கியம் "காரயதி" என்று முடியும். "செய்விக்கிறான்" என்று அர்த்தம். காரியம் முடிந்ததும் அதே வாக்கியத்தை மறுபடி சொல்ல வேண்டும், இந்தத் தடவை முடிவு "காரிதவான்", "செய்வித்தான்".

பலர் ஆரம்பத்தில் சொல்கிறார்கள், முடிவில் விட்டுவிடுகிறார்கள். கணக்கைத் திறந்து எழுதிவிட்டு நாள் முடிவில் மூடாத மாதிரி. மூடாத கணக்குதான் ராத்திரி எழுப்புகிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கப் போய்விட்டு வந்தாலும் சரி, பரீட்சை எழுதிவிட்டு வந்தாலும் சரி, செருப்பைக் கழற்றும்போதே அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும். சமஸ்கிருதம் வராவிட்டால் தமிழில்: "நீ செய்வித்தாய், உன் காரியம், பலனும் உனக்கு." 5 விநாடி ஆகும். "அங்கே அப்படிச் சொல்லியிருக்கலாமோ" என்ற அசைபோடல் அதற்கு அப்புறம் வந்தால், அந்தக் கேள்வியின் விலாசம் மாறிவிட்டது என்று விட்டுவிடலாம்.

தூப்புல்தெரு · மாலை 6.50

சரியாகத்தான் இருக்கிறது. நாள் முழுவதற்கும் சட்டம் வேண்டுமென்றால் பஞ்சகாலம் இருக்கிறது. விடிந்ததும் அபிகமனம், அவனிடம் போய் நின்று இன்றைய நாளை ஒப்படைப்பது. பிறகு உபாதானம், ஆராதனத்துக்கு வேண்டியதைத் திரட்டுவது. ஆபீஸ் போய்ச் சம்பாதிப்பதை இந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தது இஜ்யை, ஆராதனம். அப்புறம் ஸ்வாத்யாயம், படிப்பதும் சொல்லிக் கொடுப்பதும். ராத்திரி யோகம், அவனை நினைத்தபடி தூங்கப் போவது.

ஐந்தையும் முழுசாக இன்றைக்கு நடத்துவது கஷ்டம். முதலும் கடைசியும் மட்டுமாவது போனைத் தொடுமுன், போனை வைத்தபின் என்று நிற்கட்டும். நடுவில் உள்ளதை அவை இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். போனில் செய்தி பார்த்துவிட்டு அபிகமனம் பண்ணினால், ஒப்படைக்கும்போதே கையில் நாலு புகார் இருக்கும்.

மந்திர விஷயம் ஒன்று. திருமந்திரம், த்வயம், சரம சுலோகம் மூன்றும் ஆசாரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை. த்வயம் மொத்தம் 25 எழுத்து. முதல் வாக்கியம் பற்றுவது, இரண்டாவது அதன் பலனான கைங்கரியம். யூட்யூபில் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். பஞ்ச சம்ஸ்காரம் (ஆசாரியரிடம் பெறும் தீட்சை) ஆகாதவர்கள் திருநாமமும் ஆழ்வார் பாசுரமும் தாராளமாகச் சொல்லலாம்.

ஒத்தையடிப்பாதை · இரவு 7.25

தீட்டு, குளியல், நல்ல நேரம் எல்லாம் பார்க்கணுமா? எங்க வீட்டுப் பெரியம்மா படுத்த படுக்கை, அவங்களால முடியாதே.

பல்லாண்டு73 · இரவு 7.41

சரணம் புகுவதற்கு வேண்டியதே இல்லை. தேசம், காலம், விதம், இன்னார்தான் என்ற அதிகாரம், பலன், எதிலும் நியமம் கிடையாது. யாரைப் பற்றுகிறோம் என்ற ஒரே நியமம்தான் என்பது எங்கள் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் வார்த்தை. திரௌபதி குளித்துவிட்டா சரணம் புகுந்தாள்? பெரியம்மாவிடம் போய் "இப்படியே சொல்லலாம் பெரியம்மா" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பூஜை, ஜபம் இவற்றுக்கு ஆசாரம் தனி. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நெய்விளக்கு · இரவு 8.10

கடைசியாக ஒன்று. இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சுவாமி முன்னால் கண்ணீர் வருவதையா?

தூப்புல்தெரு · இரவு 8.55

கண்ணீரை நம்ப வேண்டாம், வெங்காயத்துக்கும் வரும். தன் நிஷ்டையைத் தானே தெரிந்துகொள்ள ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார் தேசிகர். சோதனை கோயிலில் இல்லை, ஒருவன் நம்மை அவமானப்படுத்தும் இடத்தில். அப்போது மனசு எந்தப் பக்கம் போகிறது? துவண்டுபோகாமல் இருப்பது ஓர் அடையாளம். நம் பாவத்தை இவன் வாங்கிக்கொள்கிறானே என்று அவன்மேல் இரக்கம் வருவது. உபகாரம் பண்ணினான் என்ற நினைவு. ஈசுவரன் ஏவித்தான் வந்தது என்று கலங்காதிருப்பது. பிராரப்தத்தில் ஒரு பிடி கழிந்தது என்ற சந்தோஷம்.

ஐந்தும் உடனே வராது. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஒருத்தர் குத்திப் பேசினார் என்று வையுங்கள். பதில் தட்டச்சு பண்ணிய விரல் அனுப்பும் பொத்தான் மேல் நிற்கிறது. அந்த இடைவெளியில் இவற்றில் ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தாலே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அனுப்பிய பிறகு ஞாபகம் வந்தால், அதுவும் முன்னேற்றம்தான். போன வருஷம் வந்திருக்காது.

தூக்கமும் ஓர் அடையாளம். பொறுப்பை ஒப்படைத்தவன் "மார்பிலே கை வைத்து உறங்கலாம்" என்பது பெரியவர்கள் வழக்கு. பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தானே விழித்திருக்க வேண்டும்?

கணக்கர் · இரவு 9.20

ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று தாயாரும் நம்பெருமாளும் சேர்ந்து இருக்கும்போதுதான் ராமானுஜர் கத்யம் என்ற உரைநடைத் துதியை விண்ணப்பித்தார் என்பார்கள். அந்தச் சேர்த்தி வருஷத்தில் ஒரே நாள். ஊருக்குப் போக முடியாதவர்கள் அன்றைக்கு வீட்டில் சேவிக்கலாமா?

பல்லாண்டு73 · இரவு 9.33

பேஷாக. தெரிந்தவர்கள் சரணாகதி கத்யம் சேவிக்கலாம், தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். தாயாரை முதலில் சரணம் பற்றிவிட்டு அப்புறம் பெருமாள் என்பதுதான் கத்யத்தின் கிரமம். குற்ற உணர்ச்சிக்காரர்களுக்குத் தூப்புல் ஸ்வாமி காலையில் சொன்ன மருந்தும் அதே வரிசைதான்.

ஒத்தையடிப்பாதை · இரவு 9.50

ஜபம் எண்ணும்போது மணி மாலை வேணுமா? விரல்ல எண்ணினா 108 எப்படி வரும், விட்டுப் போகுதே.

தூப்புல்தெரு · இரவு 10.04

மாலை வேண்டாம், வலது கையே போதும். மோதிர விரலின் நடுக்கணுவில் ஆரம்பியுங்கள், அதன் அடிக்கணு, சுண்டுவிரலின் அடி, நடு, நுனி, பிறகு மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி நுனி, நடு, அடி. இது 10. நடுவிரலின் கீழ் இரண்டு கணுவும் மேரு, அதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு பத்துக்கும் இடது கையில் ஒரு கணு நகர்த்துங்கள், இடது கை ஒரு சுற்று முடிந்தால் 100. மிச்சம் 8க்கு மோதிர விரலின் அடியில் தொடங்கி ஆள்காட்டி நடுவில் நிறுத்தினால் சரியாக வரும். 108 முடியாத நாளில் 28, அதாவது இரண்டு பத்தும் ஒரு எட்டும்.

எண்ணிக்கை விட்டுப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், ஞாபகம் இருக்கும் கடைசிப் பத்திலிருந்து தொடருங்கள். விரல்களுக்கு நடுவே இடுக்கு விழாமல் ஒட்டி வைத்துக்கொண்டு, கையை உத்தரீயத்தால் மூடிக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு எண்ணிக்கையே வேண்டாம்.